கணினியில் லொகேஷன்: எந்தச் சுவிட்சை எப்போது போடுவது

லேப்டாப்பில் லொகேஷனை ஆன் செய்து வைப்பதா, ஆஃப் செய்துவிடுவதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே இருக்கும் பெரிய சுவிட்ச் ஆன், அதற்குக் கீழே வரிசையாக வரும் செயலிகள் எல்லாம் ஆஃப், பிரவுசர் மட்டும் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். முக்கால்வாசிப் பேருக்கு இது போதும். யாருக்கு இது போதாது, எங்கே போய் எதை அழுத்துவது என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்குக் கோவில்பட்டியில் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிறோம். முன்பெல்லாம் கணினியில் லொகேஷன் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அது போன் சமாச்சாரம். இப்போது, "அக்கா, பேங்க் வீடியோ கால்ல லொகேஷன் வரலைன்னு கட் பண்ணிட்டாங்க" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "நான் எங்க இருக்கேன்னு இந்த லேப்டாப் யாருக்காவது காட்டுதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் பெண்களும் வருகிறார்கள். முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அதற்காகவே இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கணினிக்கு இடம் எப்படித் தெரிகிறது

பெரும்பாலான லேப்டாப்புகளில் ஜி.பி.எஸ். கிடையாது. அப்படியானால் மேப்பில் நம் தெருவை எப்படிச் சரியாகக் காட்டுகிறது? வைஃபை மூலமாகத்தான். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரையும், தனக்கே உரிய ஒரு எண்ணையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். தெருவில் ஜி.பி.எஸ். உள்ள போனோடு நடந்து போகிறவர்கள் வழியாக, எந்த எண் எந்த இடத்தில் கேட்கிறது என்ற அட்டவணையை மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள் எல்லாம் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. உங்கள் லேப்டாப் தன்னைச் சுற்றிக் கேட்கும் எண்களை அனுப்பினால், இடம் திரும்பி வரும். அந்த ரவுட்டர்களின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எதனோடும் இணைய வேண்டியதுகூட இல்லை. வைஃபை ஆன் ஆகி இருந்தால் போதும்.

வைஃபை இல்லாவிட்டால் மிஞ்சுவது ஐ.பி. முகவரி, அதாவது உங்கள் இணைப்புக்கு இணைய நிறுவனம் கொடுக்கும் எண் மட்டும்தான். அது வெறும் ஊகம். இணைய நிறுவனம் அந்த முகவரியை எந்த ஊரில் பதிந்து வைத்திருக்கிறதோ அந்த ஊர்தான் வரும். கேபிள் செருகிய டெஸ்க்டாப்பில் கோவில்பட்டிக்காரர் மேப் திறந்தால் சென்னையைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். 500 கிலோமீட்டருக்கும் மேல் வித்தியாசம். போனிலிருந்து யு.எஸ்.பி. வழியாக நெட் எடுத்தால் இன்னும் மோசம், வேறு மாநிலம்கூட வரும்.

எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பிரவுசரில் கூகுள் மேப்ஸ் திறந்து, வலது கீழ் மூலையில் இருக்கும் வட்டக் குறியை அழுத்துங்கள். நீலப் புள்ளி வரும். அதைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்றும் வரும். அந்த வட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். நாலு வீடு அளவுக்குச் சின்னதாக இருந்தால் வைஃபை வேலை செய்கிறது. ஊரையே மூடுகிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் கணினி ஐ.பி.யை வைத்து ஊகிக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்ப்பது இந்த வட்டத்தைத்தான்.

வட்டம் சின்னதாகவே இருந்தும் ஊர் தப்பாக வருவதும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து இங்கே வீடு மாற்றி வந்த ஒரு வாடிக்கையாளர் தன் ரவுட்டரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு, அக்கம்பக்கத்தில் வேறு ரவுட்டரும் அதிகம் இல்லை. அவருடைய லேப்டாப் வெகுநாள் பழைய தெருவையே காட்டிக்கொண்டிருந்தது. அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே இன்னும் தூத்துக்குடிதான் இருந்தது. வீட்டில் உள்ள போன்களில் லொகேஷனை ஆன் செய்து, மேப்பைத் திறந்து பயன்படுத்திக்கொண்டே இருங்கள் என்றேன். நாளடைவில் தானே சரியாகிவிட்டது. லேப்டாப்பில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது தீராது. அதைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

விண்டோஸில் எங்கே இருக்கிறது

விண்டோஸ் விசையோடு ஆங்கில ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11 என்றால் இடது பக்கம் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் கீழே இறங்கினால் 'ஆப் பெர்மிஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'லொகேஷன்'. விண்டோஸ் 10 என்றால் 'பிரைவசி', அப்புறம் 'லொகேஷன்'. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்னும் அதில்தான் இருக்கிறீர்கள் என்றால் லொகேஷனைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது அதுதான்.

அந்தப் பக்கத்தில் மூன்று சுவிட்சுகள் இருக்கும். முதலாவது 'லொகேஷன் சர்வீசஸ்'. இது வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி. இது ஆஃப் என்றால் கீழே எதுவும் எரியாது. கணினியில் எத்தனை பேர் லாகின் வைத்திருந்தாலும் எல்லோருக்கும் இது ஒன்றுதான், நிர்வாகி உரிமை உள்ளவரால்தான் மாற்ற முடியும். இரண்டாவது 'லெட் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் லொகேஷன்'. இது உங்கள் லாகினுக்கு மட்டும் பொருந்தும். இதன் கீழே ஒவ்வொரு செயலிக்கும் தனிச் சுவிட்ச் உண்டு. மூன்றாவது 'லெட் டெஸ்க்டாப் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் லொகேஷன்'. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஜூம் போல ஸ்டோரிலிருந்து இறக்காமல் நேராக நிறுவியவை எல்லாம் இந்த மூன்றாவதன் கீழ்தான் வரும்.

பலரும் இரண்டாவதை ஆன் செய்துவிட்டு, பட்டியலில் குரோம் இல்லையே என்று தேடுவார்கள். குரோம் இருப்பது இன்னும் கீழே. மூன்றாவது சுவிட்சைப் போடாமல் பிரவுசரில் எத்தனை தடவை அனுமதி கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம்.

நான் செய்து கொடுப்பது இப்படி: மூன்று சுவிட்சும் ஆன். இரண்டாவதன் கீழ் உள்ள பட்டியலில் கேமரா, மெயில், வெதர், இன்னும் கணினியோடு வந்த மற்றதெல்லாம் ஆஃப். கேமரா செயலிக்கு இடம் தெரிந்தால் எடுக்கும் படத்தில் அதையும் பதியும். லேப்டாப்பில் எடுக்கும் படத்துக்கு அது தேவையே இல்லை. வானிலைக்கு உங்கள் ஊர்ப் பெயரை ஒரு தடவை தட்டச்சு செய்து வைத்தால் போதும், நாள் முழுக்க இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வெளியூர் போனாலும் நம் ஊரில் மழையா என்றுதானே பார்ப்போம்.

பெரிய சுவிட்ச் ஆன் என்றால் மைக்ரோசாஃப்டுக்கும் சில தகவல்கள் போகும். சுற்றியுள்ள வைஃபை விவரங்களை, உங்கள் பெயர் சேராத வடிவில், தன் சேவையை மேம்படுத்த எடுத்துக்கொள்வதாக அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் பெரிய சுவிட்சை ஆஃபிலேயே வைத்து, வேலை வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதில் தவறே இல்லை. ஆனால் தொலைந்த லேப்டாப்பைத் தேடும் வசதியும், நேர மண்டலம் தானாக மாறும் வசதியும் அப்போது போய்விடும்.

அதே பக்கத்தில் 'ரீசென்ட் ஆக்டிவிட்டி' என்று ஒன்று இருக்கிறது. அண்மையில் எந்தெந்தச் செயலி இடத்தைக் கேட்டது, எப்போது கேட்டது என்று அது காட்டும். யாராவது பயந்துபோய் வந்தால் நான் முதலில் திறப்பது இதைத்தான். பெரும்பாலும் அதில் ஒரு பிரவுசரும் ஒரு வானிலைச் செயலியும்தான் இருக்கும், பார்த்ததும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். பெயர் தெரியாத எதுவும் அதில் இருந்தால் உடனே தேடிப் பார்த்து, தேவையில்லாததை நீக்கிவிடுங்கள். ஏதாவது ஒரு செயலி இடத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது, டாஸ்க்பாரில் மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அம்பு மாதிரி சின்ன அடையாளமும் வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப் செயலிகளை விண்டோஸ் முழுமையாகக் கட்டிப்போடுவதில்லை. சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் சில செயலிகள் வேறு வழியில் இடத்தை ஊகிக்கக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் 11க்கு 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள வைஃபை பட்டியலைக் கேட்கும் செயலிகளும் இப்போது லொகேஷன் அனுமதி பெற்றாக வேண்டும். சர்வீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமாகியிருக்கும்: கமாண்ட் திரையில் வைஃபை விவரம் கேட்டால், லொகேஷனை ஆன் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இந்தச் சுவிட்சுகள் மங்கிப்போய், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று மேலே ஒரு வரி இருந்தால், வெளிக் கடையில் மாற்ற முடியாது. அலுவலக ஐ.டி. பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

பிரவுசர்

வலைத்தளம் ஒன்று முதல் தடவை இடத்தைக் கேட்கும்போது குரோமில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'அலோ திஸ் டைம்' என்று ஒரு தேர்வு இருக்கிறதல்லவா, அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு தடவையோடு அனுமதி முடிந்துவிடும், அடுத்த முறை மறுபடி கேட்கும். அது கொஞ்சம் தொந்தரவுதான். ஆனால் செருப்பு வாங்கப் போன தளம் வருஷக்கணக்கில் உங்கள் தெருவைத் தெரிந்து வைத்திருப்பதைவிட இந்தத் தொந்தரவு எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே யார் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்க்க: வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'லொகேஷன்'. அனுமதித்த தளங்களும் தடுத்த தளங்களும் தனித்தனியாக இருக்கும். பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படம். தயங்காமல் எல்லாவற்றையும் நீக்குங்கள். தேவைப்படும் தளம் மறுபடி கேட்டுக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'பெர்மிஷன்ஸ்' என்று போனால் 'லொகேஷன்' இருக்கும். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மொத்தமாகத் தடுக்கவும் அங்கே ஒரு கட்டம் உண்டு. எட்ஜ் கிட்டத்தட்ட குரோம் மாதிரியேதான்.

கூகுளில் மருந்துக்கடை தேடினால் சென்னைக் கடைகள் வருகின்றன என்பது அடிக்கடி வரும் புகார். தேடல் பக்கத்தின் அடிவரை இறங்குங்கள். எந்த ஊர் என்று கூகுள் நினைக்கிறது, அதை எதிலிருந்து ஊகித்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே இடத்தைப் புதுப்பிக்கும் இணைப்பும் இருக்கும். அதற்கும் மனமில்லை என்றால் தேடும்போதே ஊர்ப் பெயரையும் சேர்த்து அடித்துவிடுங்கள், வேலை முடிந்தது.

பொதுக் கணினியில், அதாவது எங்கள் கடை மாதிரி இடத்தில், எப்போதும் இன்காக்னிட்டோ அல்லது கெஸ்ட் ஜன்னலில்தான் வேலை பாருங்கள். அதில் கொடுக்கும் அனுமதி ஜன்னலை மூடியதும் மறைந்துவிடும். கடைக்காரர் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

வங்கியின் வீடியோ கே.ஒய்.சி.

வீடியோ காலில் கணக்குத் திறக்கும் முறையை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்தது. அந்த விதியிலேயே வாடிக்கையாளரின் அப்போதைய இருப்பிடத்தைப் பதிய வேண்டும் என்று இருக்கிறது. அவர் இந்தியாவுக்குள் இருக்கிறாரா என்று உறுதிசெய்வதற்காக. 2021 மே மாதம் வந்த திருத்தத்தில், வெளிநாட்டு ஐ.பி. முகவரியிலிருந்தும் போலியான முகவரியிலிருந்தும் வரும் இணைப்புகளைத் தடுக்கும் வசதி வங்கியிடம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஆகவே லொகேஷன் கேட்பது அந்த வங்கி ஊழியரின் பிடிவாதம் இல்லை. அது இல்லாமல் அவரால் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. அவரிடம் கோபப்பட வேண்டாம்.

காலில் உட்காருவதற்குக் கால் மணி முன்னாலேயே இதையெல்லாம் பார்த்து வையுங்கள். வி.பி.என்., அதாவது நெட் இணைப்பை வேறு ஊர் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி, ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள். பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாக ஒட்டிக்கொண்டிருக்கும் வி.பி.என்.னைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேபிளில் நெட் வந்தாலும் வைஃபையை ஆன் செய்யுங்கள். வைஃபை வசதியே இல்லாத டெஸ்க்டாப் என்றால், யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிப் போட்டாலே வட்டம் சுருங்கிவிடும். நெட்டைக் கேபிளிலேயே விட்டுவிடலாம், அடாப்டர் சுற்றிலும் கேட்டுச் சொன்னால் போதும். அப்புறம் விண்டோஸில் அந்த மூன்று சுவிட்சும் ஆனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக மேப்ஸ் திறந்து வட்டத்தைச் சரிபாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வங்கியின் பக்கம் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னால், எப்போதோ அவசரத்தில் 'பிளாக்' அழுத்தியிருப்பீர்கள். முகவரிப் பட்டையின் இடது முனையில் உள்ள சின்னக் குறியை அழுத்தினால் அந்தத் தளத்தின் அனுமதிகள் விரியும். லொகேஷனைத் திறந்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். இன்னொரு விஷயம்: பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கங்களுக்கு குரோம் 2016 முதலே இருப்பிடத்தைக் கொடுப்பதில்லை. 'நாட் செக்யூர்' என்று காட்டும் பக்கம் ஒன்று வங்கி என்று சொல்லிக்கொண்டு இடம் கேட்டால், லொகேஷனை விடுங்கள், அந்தப் பக்கத்தையே உடனே மூடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே குறியை அழுத்தி அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் யாருடைய கணக்கில் இருக்கிறது

குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்களுக்கான பகுதி இது.

விண்டோஸில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்ற வசதி உண்டு. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் மேலேயே இருக்கும். அது ஆன் ஆகி, லொகேஷனும் ஆன் ஆகி இருந்தால், லேப்டாப் இருக்கும் இடத்தை அவ்வப்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்து வைக்கும். பஸ்ஸில் லேப்டாப்பைத் தவறவிட்டால், வேறொரு கணினியிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து 'டிவைசஸ்' பகுதியில் கடைசியாக எங்கே இருந்தது என்று பார்க்கலாம். நல்ல வசதி. கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதை ஆன் செய்தே கொடுக்கிறேன். திருடு போனபின் ஆன் செய்ய முடியாதே.

ஆனால் அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் லேப்டாப்பை ஒருவர் வாங்குவார், இன்னொருவர் பயன்படுத்துவார். அண்ணன், கணவர், நிச்சயம் ஆன மாப்பிள்ளை, யாரோ ஒருவர் தன் மெயில் முகவரியைப் போட்டு முதல் நாளே எல்லாம் தயார் செய்து கையில் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அன்போடுதான் செய்வார்கள். ஆனாலும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ, அவரால் அந்த லேப்டாப் எந்த ஊரில், எந்த விடுதியில் இருக்கிறது என்று பார்க்க முடியும். பயன்படுத்துகிற பெண்ணுக்கு அது தெரியாமலே இருக்கலாம். தன் இருப்பிடத்தை யாரிடம் சொல்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பார்ப்பது எளிது. 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'யுவர் இன்ஃபோ'. மேலே இருக்கும் மெயில் முகவரி உங்களுடையதா? உங்களுடையது என்றால், பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அதற்குப் பக்கத்திலேயே 'அதர் யூசர்ஸ்' பகுதியில் வேறு யாராவது நிர்வாகி உரிமையோடு இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வேறொருவருடைய முகவரி என்றால் அவசரப்பட்டு நீக்க வேண்டாம். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், அதன் மீட்புச் சாவி முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கணக்கை மாற்றிய பிறகு என்றாவது கணினி அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டால், உங்கள் ஃபைல்கள் எல்லாம் அவர் தயவில். ஆகவே முதலில் முக்கியமானவற்றைப் பென்டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். பிறகு 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'ரீசெட் திஸ் பிசி' என்று போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் சொந்தக் கணக்கில் புதிதாக அமைப்பதுதான் சுத்தமான வழி. பாதியாகச் செய்வதைவிட இதையே நான் சொல்வேன். கூகுள் கணக்கையும் மறக்க வேண்டாம். குரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் படம் யாருடையது என்று பாருங்கள். அவர் கணக்கில் குரோம் ஓடினால் நீங்கள் தேடுவதும் போகும் தளங்களும் அவருக்குத் தெரியக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள்மீது வன்முறையோ மிரட்டலோ இருக்கும் நிலையில், லேப்டாப் திடீரென்று அவர் கண்ணிலிருந்து மறைந்தால் அதையே ஒரு சண்டையாக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னால், நம்பிக்கையான வேறொருவரின் போனிலிருந்து 181 பெண்கள் உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள். அதுவரை லேப்டாப்பை இருந்தபடியே விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு.

லொகேஷன் என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறவை

'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் 'கண்ட்ரி ஆர் ரீஜன்' என்று ஒன்று இருக்கிறது. அது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்வதில்லை. எந்த நாட்டுக்குரிய ஸ்டோர், செய்திகள் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அதை ஒட்டியிருக்கும் 'ரீஜனல் ஃபார்மட்' எக்ஸெலில் 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா விழ வேண்டுமா, 1,234,567 என்று விழ வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும். கமா தப்பாக விழுகிறது என்று லொகேஷனைத் திருகிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேர மண்டலத்துக்கு மட்டும் உண்மையான தொடர்பு இருக்கிறது. துபாயிலிருந்து லீவில் வருகிறவர்களின் லேப்டாப்பில் மணி ஒன்றரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். 'டேட் அண்ட் டைம்' பக்கத்தில் நேர மண்டலத்தைத் தானாக அமைக்கும் சுவிட்ச் இருக்கிறது, ஆனால் லொகேஷன் ஆஃப் என்றால் அது வேலை செய்யாது. ஆன் செய்ய விருப்பமில்லை என்றால் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்று ஒரே வரியில் இருக்கும். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகிறவர்களுக்கும் அதே ஐந்தரை மணிதான், ஆனால் விண்டோஸ் பட்டியலில் 'ஸ்ரீ ஜெயவர்த்தனபுர' என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஆப்பிள் குறி, 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'லொகேஷன் சர்வீசஸ்'. பட்டியல் ஒன்றுதான், டெஸ்க்டாப் செயலி என்று தனிப் பிரிவு கிடையாது. குரோம் அந்தப் பட்டியலில் ஆன் ஆகியிருந்தால் போதும். அடியில் 'சிஸ்டம் சர்வீசஸ்' பக்கத்தில் விவரங்களைத் திறந்தால் நேர மண்டலம், தொலைந்த மேக்கைத் தேடுவது போன்றவை தனித்தனியாக இருக்கும். மேக்கிலும் வைஃபை ஆன் ஆகாமல் சரியான இடம் வராது.

உபுண்டுவில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி' பகுதியில் 'லொகேஷன் சர்வீசஸ்' சுவிட்ச் இருக்கும். ஆன் செய்தும் ஊர் சரியாக வரவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. லினக்ஸ் வெகுகாலமாக நம்பியிருந்தது மோசில்லாவின் வைஃபை அட்டவணையை. அதை மோசில்லா 2024இல் மூடிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த திறந்த அட்டவணைகளில் நம் பக்கத்துச் சிற்றூர்கள் நிறைய வருவதற்கு இன்னும் நாளாகும். வானிலை, கடிகாரம் இரண்டுக்கும் ஊரை நாமே கொடுத்துவிடலாம்.

உங்கள் ரவுட்டரையும் அட்டவணையிலிருந்து எடுக்கலாம்

வீட்டு ரவுட்டர் அந்த அட்டவணைகளில் இருக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு, 'நோமேப்' (_nomap) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் சேர்க்க வேண்டும். கூகுள் 2011இல் இந்த முறையைக் கொண்டுவந்தது, ஆப்பிளும் இதை ஏற்கிறது. மைக்ரோசாஃப்டுக்கு அடிக்கோடும் 'ஆப்ட்அவுட்' (_optout) என்ற சொல்லும் பெயரில் எங்காவது இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் முதலில் ஆப்ட்அவுட், கடைசியில் நோமேப். ஊரின் நடுவில், சுற்றிலும் இருபது ரவுட்டர் இருக்கும் தெருவில் இதனால் உங்கள் லேப்டாப்பின் இடம் மறையாது; பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் சொல்லிவிடும். தனி வீடு, தோட்டத்து வீடு, அல்லது பழைய ஊரை விட்டு யாருக்கும் தெரியாமல் குடிமாறி வந்தவர்கள், பழைய ரவுட்டரையே கொண்டுவந்திருந்தால், இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. முடிந்தால் அவர்கள் புது ரவுட்டரே வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பெயரை மாற்றினால் வீட்டில் உள்ள போன், டி.வி., சி.சி.டி.வி. கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் புதிய பெயரில் மறுபடி இணைக்க வேண்டும். அதனால் ஆன்லைன் வகுப்போ அலுவலகக் காலோ இல்லாத நேரமாகப் பார்த்து மாற்றுங்கள்.